ஹெட்சரின் மூன்று நிறங்களும் மேட் வார்னிஷும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய டாங்கி எதிர்ப்பு வண்டியான ஹெட்சரின் 35-இல் 1 அளவு பிளாஸ்டிக் மாதிரி ஒருவழியாக முடிந்துவிட்டது. உருமறைப்பு வண்ணங்களை அடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் கடைசிப் பூச்சான, பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் வந்தது. அது காய்ந்தபோது பச்சைத் திட்டுகளின் மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தது. சரிசெய்த விதம் எளிதுதான். ஆனால் காரணம் அந்தக் கடைசிப் பூச்சோடு நிற்கவில்லை. அதற்குச் சில கட்டங்கள் முன்பே தொடங்கியிருந்தது. எனவே வண்ண வேலையை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். பாகங்களை ஒட்டிய கதையை விட்டுவிடுகிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1944 ஏப்ரலில் பிராகில் உள்ள பி.எம்.எம். தொழிற்சாலையில் இதன் உற்பத்தி தொடங்கியது. பிறகு பில்சனில் ஸ்கோடாவும் சேர்ந்துகொண்டது. சுழலும் கோபுரம் கிடையாது. 75 மி.மீ. பீரங்கி, சரிந்த தகடுகள், தாழ்ந்த உடல். மாதிரி செய்பவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. பெரிய சரிந்த தகடுகள் உருமறைப்புக்கு நல்ல பரப்பு. அதே காரணத்தால் எந்தக் குறையையும் ஒளித்துவைக்க இடமில்லை. அந்தக் காலத்து ஜெர்மானிய டாங்கிகள் பலவற்றில் இருந்த சிம்மரிட் என்ற சாந்துப் பூச்சு இதற்குக் கிடையாது என்பதால் பரப்பு வழவழப்பாகவே இருக்கவேண்டும்.

நிறங்களின் பின்னணி தெரிந்தால் பல பதற்றங்கள் குறையும். 1943 பிப்ரவரிக்கு முன்பு ஜெர்மானியக் கவச வண்டிகள் பெரும்பாலும் அடர்சாம்பல் நிறத்தில் வந்தன. அந்த மாதம் வந்த உத்தரவால் அடர்மஞ்சள் அடிநிறமாயிற்று. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிச் சாந்தாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் பெட்ரோலோ தண்ணீரோ கலந்து அடித்துக்கொண்டார்கள். எவ்வளவு கலந்தார்கள், யார் கையில் தெளிப்பான் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாக ஆனது. 1944-இன் பிற்பகுதியில்தான் தொழிற்சாலைகளே மூன்று நிறங்களையும் அடித்து அனுப்பத் தொடங்கின. ஆர்.ஏ.எல். என்ற ஜெர்மானிய நிறத்தர எண்களை வைத்துக்கொண்டு 'சரியான மஞ்சள் எது' என்று சண்டை போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லாமல் போனதற்கு இந்தச் சாந்து டப்பாக்கள்தான் காரணம்.

நான் எடுத்தவை டாமியா அக்ரிலிக்குகள்: அடர்மஞ்சளுக்கு எக்ஸ்எஃப்-60, பச்சைக்கு எக்ஸ்எஃப்-61, செம்பழுப்புக்கு எக்ஸ்எஃப்-64. மூன்றையும் புட்டியில் இருந்தபடி அடிக்கக் கூடாது, வெளிறவைக்க வேண்டும். 35-இல் 1 அளவு மாதிரியை 50 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மையான வண்டியை 17.5 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் நிறத்தின் அடர்த்தி குறையும். மஞ்சளில் 7 பங்குக்கு 3 பங்கு எக்ஸ்எஃப்-57 என்ற வெளிர்மண் நிறத்தைச் சேர்த்தேன். பச்சைக்கும் பழுப்புக்கும் பத்தில் ஒரு பங்குதான் சேர்த்தேன். அங்கே கஞ்சத்தனம் காட்டியது பின்னால் வந்து நின்றது.

முதலில் சோப்புத் தண்ணீர்க் குளியல். அச்சிலிருந்து பாகங்களை எளிதில் கழற்றப் பூசும் எண்ணெயும் கைரேகைகளும் போகவேண்டும். பழைய பல் துலக்கும் தூரிகையால் மெல்லத் தேய்த்து, கழுவி, ஓர் இரவு காயவிட்டேன். பிரைமர், சாம்பல் நிற மிஸ்டர் சர்ஃபேசர் 1500. வண்ணத்தை நீர்க்கவைக்க அதே நிறுவனத்தின் லெவலிங் தின்னரைச் சம அளவுக்குச் சற்று கூடுதலாகக் கலந்தேன். பிரைமர் வண்ணத்துக்குப் பிடிமானம் தருவதைவிடவும் பெரிய உதவி ஒன்று செய்கிறது: ஒட்டுக் கோடுகளைக் காட்டிக்கொடுக்கிறது. பீரங்கிக் குழலின் இரு பாதிகள் சேரும் இடம் அதுவரை வழவழப்பாகத் தெரிந்தது. சாம்பல் நிறம் ஏறியதும் நீளமான பள்ளம் தெரிந்தது. பள்ளத்தை நிரப்பும் பசை வைத்து, 800, பிறகு 1500 எண் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பிரைமர் அடித்தேன்.

லாக்கர் வகைத் தின்னர்களோடு வேலை செய்யும்போது கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் கட்டாயம். துணி முகக்கவசமும் தூசி முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. மாதிரிப் பெட்டிக்கு ஆகும் பணத்துக்கு ஈடாக இந்தக் கவசத்துக்கும் ஆகலாம். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடிநிறத்துக்கு முன் மூலைகளிலும் தகட்டு இணைப்புகளிலும் கரும்பழுப்பைக் கோடாக அடித்துவைத்தேன். மேலே வரும் மெல்லிய வண்ணத்தின் வழியாக இந்த நிழல் லேசாகத் தெரியும் என்பது கணக்கு. மஞ்சளுக்கு அது பலித்தது. ஆனால் பின்னர் பச்சையும் பழுப்பும் மூடிய இடங்களில் அந்த நிழல் முழுக்கக் காணாமல் போய்விட்டது. மூன்று நிற வண்டிக்கு முன்நிழல் அடிப்பது பாதி வீண்வேலை. அடுத்த முறை அதை விட்டுவிட்டு, நிறங்கள் ஏறிய பிறகு தகடுகளின் நடுவில் வெளிர்நிறம் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

என்னிடம் இருப்பது 0.3 மி.மீ. முனை கொண்ட, காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையால் கட்டுப்படுத்தும் இரட்டைச் செயல் ஏர்பிரஷ் (வண்ணம் தெளிக்கும் கருவி), காற்றுக்கலனும் ஈரப்பொறியும் உள்ள சிறிய கம்ப்ரசர். மஞ்சளுக்கு வண்ணமும் தின்னரும் சரிபாதி, அழுத்தம் 1 பார், தொலைவு ஏறத்தாழ 10 செ.மீ. ஒரே மூச்சில் மூடிவிடாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். முடிவில் மஞ்சளோடு இன்னும் கொஞ்சம் வெளிர்மண் நிறம் கலந்து, மேல்நோக்கிய பரப்புகளின் நடுவில் மட்டும் தெளித்தேன். ஹெட்சரின் முன் தகடு நன்றாகச் சாய்ந்திருப்பதால் வெளிச்சம் விழும் இடம் தானாகவே தெரிகிறது.

உருமறைப்புக்கு வருவோம். இங்கே பலரைக் குழப்புவது திட்டுகளின் ஓரம். எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும்? உண்மையான வண்டியில் தெளிப்பானின் ஓரப் பரவல் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 1.4 மி.மீ. மட்டுமே. ஏர்பிரஷை 6, 7 செ.மீ. தள்ளி வைத்து அடித்தால் ஓரம் அரைச் செ.மீ. அகலத்துக்குப் பரவும், வண்டி பொம்மைபோல் ஆகிவிடும். ஆகவே முனை 2 முதல் 3 செ.மீ. தொலைவில் இருக்கவேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் 1 பார் அழுத்தம் வண்ணத்தைச் சிலந்திக் கால்களாகச் சிதறடிக்கும். 0.7 பாருக்கு இறக்கினேன். அழுத்தம் இறங்கினால் வண்ணம் நீர்த்திருக்க வேண்டும்: வண்ணம் 1 பங்கு, தின்னர் 2 பங்கு. இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்பது கைக்கு வருவதற்குள் பழைய மாதிரி ஒன்றின் அடிப்பாகம் நிறையக் கோடுகளை வாங்கிக்கொண்டது.

முதலில் செம்பழுப்பு, அடுத்து பச்சை. திட்டின் எல்லையை மெல்லிய கோடாக வரைந்துகொண்டு, பிறகு உள்ளே நிரப்பினேன். எல்லை வரைய சாதாரணப் பென்சிலைப் பயன்படுத்தக் கூடாது. அதன் கரி மெல்லிய வண்ணத்தின் வழியே மினுங்கும். எல்லையையும் ஏர்பிரஷாலேயே புள்ளிகளாக வைத்துக்கொள்வது நல்லது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நுனியில் வண்ணம் காய்ந்து ஒட்டும். அப்போது விசையை இழுத்தால் முதலில் ஒன்றும் வராது, பிறகு திடீரென்று ஒரு துளி துப்பும். தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நுனியைத் துடைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தின்மேல் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாதிரிக்குத் திரும்பவேண்டும்.

பக்கவாட்டு மெல்லிய தகடுகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டால் சக்கரங்களுக்கு வண்ணம் போகாது. தனியே வைத்து அடித்தாலோ திட்டுகள் உடலோடு பொருந்தாமல் உடைந்து நிற்கும். ஒட்டுக்களிமண் உருண்டைகளால் அவற்றைத் தற்காலிகமாக இடத்தில் பொருத்தி, திட்டுகளை உடலிலிருந்து தகட்டுக்குத் தொடர்ச்சியாக அடித்தேன். பிறகு கழற்றி எடுத்துக்கொண்டேன். சக்கரங்களை மஞ்சளாகவே விட்டுவிட்டேன். ரப்பர் ஓரங்களுக்கு வட்ட அச்சுத்தகடு உதவியது. கருவிகளின் மரப்பிடி போன்ற சிறு வேலைகளுக்கு வயெஹோ வகை நீர்க்கலவை அக்ரிலிக்கும் தூரிகையும் போதும். டாமியா அக்ரிலிக்கைத் தூரிகையால் தீட்டினால் அதிலுள்ள ஆல்கஹால் அடியில் இருக்கும் பூச்சையே கிளறிவிடும்.

பச்சைத் திட்டைச் சுற்றி மஞ்சளில் மணல் தூவினாற்போல் சிறுபுள்ளிகள் விழுந்திருந்தன. வண்ணம் காற்றிலேயே பாதி காய்ந்துவிட்டது என்று பொருள். மஞ்சளை நன்றாக நீர்க்கச் செய்து ஓரங்களை உள்ளேயிருந்து வெளியாக மறுபடி வரைந்தேன். இந்தத் திருத்தத்துக்காக அடிநிறக் கலவையைக் கொஞ்சம் மூடிவைத்திருப்பது நல்லது. தீர்ந்துபோனால் அதே நிறத்தை மீண்டும் கலப்பது நடவாத காரியம்.

இனி வார்னிஷ். வார்னிஷ் என்றால் கடைசியில் ஒருமுறை அடிக்கும் காப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் போடும் தடுப்புச் சுவர். நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் படங்களை மேட் பரப்பில் ஒட்டினால், சொரசொரப்பான பரப்புக்கும் படத்துக்கும் இடையே காற்று சிக்கிப் படத்தின் ஓரம் வெள்ளி நிறத்தில் மினுங்கும். இடுக்குகளுக்கு நிழல் தரும் நீர்த்த எனாமல் வண்ணமான வாஷை மேட் பரப்பில் விட்டால் அது கோட்டுக்குள் ஓடாமல் பரவிக் கறையாகும். இரண்டுக்கும் பளபளப்பான பரப்பு வேண்டும். டாமியா எக்ஸ்-22 என்ற பளபளப்பு வார்னிஷ் ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் இரு பங்கு கலந்தேன். முதலில் பனிபோல் ஒரு மெல்லிய பூச்சு. பத்து நிமிடம் கழித்து ஈரம் தெரியும்படி இரண்டாவது. லெவலிங் தின்னர் மெதுவாகக் காய்வதால் பூச்சு தானே சமமாகிறது. ஒரு நாள் மூடிய பெட்டிக்குள் காயவிட்டேன். இல்லாவிட்டால் தூசி முழுவதும் அதன்மேல்தான் உட்காரும்.

முன்பு சொன்ன காரணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பளபளப்பு வார்னிஷ் எந்த நிறத்தையும் அடர்த்தியாக்கிக் காட்டும். பரப்பில் ஒளி சிதறுவது குறைவதால் அப்படித் தெரிகிறது. ஏற்கெனவே போதிய அளவு வெளிறாத என் பச்சை, எக்ஸ்-22 ஏறியதும் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. மேட் அடித்தால் அது தானாக வெளிறும் என்று பொறுத்திருக்க வேண்டும். நான் அப்போதே வெளிர்மண் நிற எனாமலை மிகவும் நீர்க்கச் செய்து பச்சைத் திட்டுகளின் மேல் இருமுறை ஃபில்டராக, அதாவது நிறத்தை லேசாக மாற்றும் மெல்லிய படலமாகப் பூசினேன். பளபளப்பில் பார்க்க அருமையாக இருந்தது.

டெக்கால்கள் எளிதாக முடிந்தன. படத்தைச் சுற்றியுள்ள தெளிந்த படலத்தை வெட்டிவிட்டு, படத்தைப் பிடிக்கவைக்கும் மைக்ரோ செட் திரவம் தடவிய இடத்தில் வைத்து, நீரை ஒற்றியெடுத்து, பிறகு படத்தை மென்மையாக்கிப் பரப்போடு படியவைக்கும் மைக்ரோ சால். அது காயும்வரை படம் சுருங்கிக் கிடக்கும், தொடக்கூடாது. மறுபடி எக்ஸ்-22 ஒரு மெல்லிய பூச்சு.

வாஷுக்குக் கரும்பழுப்பு எனாமல். முழு வண்டியையும் அதில் குளிப்பாட்டாமல், ஆணிகள், கதவு விளிம்புகள், தகட்டு இணைப்புகள் ஆகிய இடங்களில் மட்டும் நுண்தூரிகை நுனியால் தொட்டால் திரவம் கோட்டுக்குள் தானே ஓடுகிறது. அரைமணி நேரம் கழித்து, எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தேன். மழைநீர் வழிந்த தடம்போல் அமைய அந்தத் திசை முக்கியம். ஒயிட் ஸ்பிரிட் வகைகள் ஒட்டு இணைப்புகளுக்குள் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கும், குறிப்பாக அழுத்தத்தில் பொருத்தியிருக்கும் மெல்லிய பாகங்களில். சக்கர அச்சுகள் பக்கம் குறைவாகவே பயன்படுத்தினேன்.

பிறகு மேட். மேட் வார்னிஷின் மங்கலுக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் சிலிக்காப் போன்ற நுண்துகள். புட்டி நின்றுகொண்டிருந்தால் அது அடியில் படிந்துவிடும். குலுக்கினால் மேலே இருப்பது கலங்கும், அடிப்படிவு அசையாது. ஏர்பிரஷின் வண்ணக் கோப்பையில் நான் ஊற்றிய முதல் கோப்பை புட்டியின் மேல்பகுதியிலிருந்து வந்தது. காய்ந்தபின்னும் பாதிப் பளபளப்பு. போதவில்லை என்று இரண்டாவது கோப்பை ஊற்றினேன். அதில் அடிப்படிவு வந்து இறங்கியிருக்கிறது. அதையும் ஈரமாக அடித்தேன். காய்ந்ததும் கதவுகளின் மூலைகளிலும் ஆணிகளைச் சுற்றியும் வெள்ளை. பச்சைத் திட்டுகளிலோ அடியில் ஏற்கெனவே வெளிர்மண் ஃபில்டர் இருந்ததால், மேட்டின் இயல்பான வெளிறலும் வெள்ளைத் துகளும் சேர்ந்து, பச்சை மஞ்சளைவிட வெளுத்துப்போயிற்று.

வார்னிஷில் வரும் வெள்ளை இரண்டு வகை, மருந்தும் வேறுவேறு. ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி மூட்டம் போடும். அது பரப்பெங்கும் ஒரே சீராக இருக்கும். மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். துகள் வெள்ளை அப்படியில்லை. பள்ளங்களிலும் மூலைகளிலும் கூடிநிற்கும். வேறுபாட்டைக் காண எளிய வழி, அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தூரிகையால் வைப்பது. நனைந்தபோது வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் துகள்தான். என்னுடையது அப்படியே செய்தது.

நீர் மறைத்ததை வார்னிஷ் நிரந்தரமாக மறைக்கும். எக்ஸ்-22 கலவையை முழு வண்டிக்கும் ஒரு மெல்லிய பூச்சாக அடித்ததும் வெள்ளை போயே போய்விட்டது. துகள்களின் இடுக்கில் தெளிந்த பிசின் நிரம்பியதும் ஒளி சிதறுவது நின்றுவிடுகிறது. சுரண்டவோ தேய்க்கவோ தேவையே இல்லை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் உப்புத்தாளைத் தேடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இதை முதலில் செய்து பார்க்கட்டும்.

இரண்டாம் முறைக்கு டாமியா எக்ஸ்எஃப்-86 என்ற மேட் வார்னிஷ். புட்டியில் இரண்டு சிறிய எஃகுக் குண்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். அதற்கு முன் குச்சியால் அடியைச் சுரண்டிக் கிளறினேன். ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டு பங்கு, 12 செ.மீ. தொலைவு, பரப்பு ஒருபோதும் நனைந்து தெரியாதபடி மூன்று மெல்லிய சுற்று. கோப்பையிலும் துகள் படியும் என்பதால் இடையிடையே தூரிகையால் கிளறிக்கொண்டேன். எக்ஸ்-21 என்ற மங்கலாக்கியை மட்டும் தனியே வார்னிஷாக அடிப்பவர்கள் உண்டு. அது வண்ணத்திலோ எக்ஸ்-22-இலோ சிறிதளவு கலப்பதற்கானது. தனியே அடித்தால் வெள்ளைதான் கிடைக்கும்.

இம்முறை மங்கல் சீராக வந்தது, ஆனால் பச்சை இன்னும் வெளிறியே இருந்தது. இது என் ஃபில்டரின் புண்ணியம். கரும்பச்சை எண்ணெய் வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒயிட் ஸ்பிரிட் ஈரமுள்ள தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாகக் கரைத்துப் பச்சையை மீட்டேன். மேட் பரப்பில் எண்ணெய் வண்ணம் நன்றாகப் பிடித்து, நிறம் திட்டுத்திட்டாக மாறி, சீரான பச்சையைவிட உயிரோட்டமாக அமைந்தது. இது திட்டமிட்டதல்ல, ஆனால் இனி வேண்டுமென்றே செய்வேன்.

ஒரே சீரான மேட் வண்டிக்கு அழகல்ல. வீரர்கள் ஏறி இறங்கும் விளிம்புகளிலும் கதவுக் கைப்பிடிகளிலும் பாதிப் பளபளப்பான சாட்டின் வார்னிஷைத் தூரிகையால் தொட்டேன். பெரிஸ்கோப்புக் கண்ணாடிகளுக்கு ஒவ்வொரு சொட்டு எக்ஸ்-22. தரையைத் தேய்க்கும் சங்கிலிப் பற்களில் மென்பென்சில் கரியைத் தேய்த்தால் இரும்பு மினுமினுப்பு வருகிறது. அதன்மேல் எந்த வார்னிஷும் கூடாது, மினுமினுப்பு செத்துவிடும்.

மண்பொடிகளும் அப்படித்தான். மண்நிறமும் சாம்பலும் கலந்த பொடியைக் கீழ்ப்பகுதியில் உதிர்த்து, ஒயிட் ஸ்பிரிட் சொட்டுகளால் நிலைநிறுத்தினேன். அதன்மேல் மேட் வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்து, மீதி கறுத்துப்போகும். வார்னிஷ் இல்லாத பொடி கைபட்டால் போகும். வண்டியைத் தூக்க அடித்தட்டில் ஒரு மரத்துண்டைத் திருகாணியால் பொருத்திவிட்டேன்.

செலவில் வண்ணம் பெரிதல்ல. 10 மி.லி. மஞ்சள் ஒன்று தீர்ந்தது, பச்சையிலும் பழுப்பிலும் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கிறது. தீர்வது தின்னர், அதிலும் அடித்ததைவிட ஏர்பிரஷ் கழுவப் போனதுதான் அதிகம். கழுவுவதற்கு மலிவான லாக்கர் தின்னரைத் தனியே வாங்கிக்கொண்டு, லெவலிங் தின்னரைக் கலவைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வண்டிக்கு மாற்றப்போவது முக்கியமாக ஒன்று. பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் மூன்று நிறங்களையும் அடித்து, பாதிக்குப் பளபளப்பும் பாதிக்கு மேட்டும் பூசி மேசையில் வைத்துக்கொள்வேன். ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த மேட் பாதியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். வண்டி பளபளத்துக்கொண்டிருக்கும்போது நிறத்தைப் பற்றி எந்த முடிவும் கிடையாது. பச்சையில் வெளிர்மண் நிறத்தைப் பத்தில் இரண்டரைப் பங்காகக் கூட்டப்போகிறேன். பழைய மேட் வார்னிஷ் புட்டியை எறியவில்லை. நன்றாகக் கிளறினால் அதுவும் வேலை செய்கிறது என்பதைக் கரண்டியில் பார்த்துவிட்டேன். சக்கரங்களுக்கும் அடித்தட்டுக்கும் அது ஆகும்.